மெஷின் சரியாகத்தான் சொன்னது

ஒன்பது வருடமாக எங்கள் லேபுக்கு அளவுகோல் என் அண்ணியின் ரத்தம்தான். சிரிக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ரத்தம் எண்ணும் மெஷின் வைத்திருக்கிற எந்த லேபிலும் ‘கன்ட்ரோல்’ என்று ஒரு குப்பி இருக்க வேண்டும். அளவு ஏற்கெனவே தெரிந்த ரத்தம் அது. காலையில் முதல் வேலையாக அதை மெஷினுக்குக் கொடுப்பார்கள். குப்பியோடு வந்த தாளில் இருக்கும் எண்ணையே மெஷினும் சொன்னால் அன்றைக்கு மெஷினை நம்பலாம். ஆனால் திறந்த சில வாரத்தில் அந்தக் குப்பி கெட்டுவிடும், மறுபடி வாங்க வேண்டும். எங்கள் முதலாளி ஒருமுறை வாங்க மறந்தார். அடுத்த முறை மறந்த மாதிரி இருந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

“குப்பி எதுக்கு? நான்தான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேனே” என்று அண்ணி தன் கையை நீட்டியது அப்போதுதான்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அவர்தான் அந்த லேபின் டெக்னீஷியன். நான் முன் மேசையில் டோக்கன் கொடுத்து, பெயர் எழுதி, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பவள். முதலாளியையும் சேர்த்து மொத்தமே மூன்று பேர். தினமும் காலை ஏழு மணிக்கு அண்ணி ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, தன் இடது கையில் தானே ஊசி போட்டு, ஊதா மூடி டியூபில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார். மெஷின் அதை உறிஞ்சிச் சொல்லும்: ஹீமோகுளோபின் பதிமூன்று புள்ளி இரண்டு, வெள்ளை அணு ஆறாயிரத்து எண்ணூறு, பிளேட்லெட் இரண்டு லட்சத்து அறுபதாயிரம். கொஞ்சம் முன்னே பின்னே ஆடும், அவ்வளவுதான். மெஷின் மூடிமேல் அந்த மூன்று எண்ணையும் எழுதி ஒட்டியே வைத்திருந்தோம். ரிப்பேருக்கு ஃபோனில் யோசனை சொல்லும் இன்ஜினீயர்கூட, “நார்மல் அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆள் பார்க்கக் குள்ளம். வாய் நீளம். ஊசிக்குப் பயந்து கத்துகிற பெரிய மனிதர்களை, “கட்டின பொண்டாட்டிக்குப் பயப்படுங்க, இதுக்கு எதுக்கு?” என்று சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்து முடித்திருப்பார். ஒரு வினோதம், யாருடைய முகமும் அவருக்கு நினைவில் நிற்காது. கைதான் நிற்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று முழிப்பார். அந்த ஆள் சட்டைக் கையை மடித்தால் போதும், “ஓ, நீங்களா! உருளுற நரம்பு” என்பார்.

அப்படிப்பட்டவரின் எண்கள் ஒருநாள் இறங்கின. பன்னிரண்டரை. இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டு. வெள்ளை அணுவும் இறங்கியது, பிளேட்லெட்டும் இறங்கியது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மெஷினைத் திட்டினோம்.

காரணம் இல்லாமல் இல்லை. குழாயில் அடைப்பு இருந்தால் மெஷின் ரத்தத்தைக் குறைவாக உறிஞ்சும், அப்போது எல்லா எண்ணும் ஒன்றாக விழும். லேபில் வேலை செய்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அண்ணி குழாயைக் கழற்றிக் கழுவினார். எண் ஏறவில்லை. இன்ஜினீயருக்கு ஃபோன் போட்டார்.

“கன்ட்ரோல் போட்டுப் பாத்தீங்களாக்கா?”

“நான்தான்ப்பா கன்ட்ரோல்.”

“சரிக்கா, மெஷினுக்கும் வயசாச்சு. உங்க பழைய நம்பர் வர்ற மாதிரி உள்ளே இருக்கிற கணக்கை ஏத்தி வெச்சிடுங்க.”

மெஷினுக்குள் அப்படி ஒரு கணக்கு உண்டு. எண்ணியதை இத்தனை மடங்கு பெருக்கிக் காட்டு என்று சொல்லி வைக்கலாம். அண்ணி ஏற்றி வைத்தார். பதிமூன்று புள்ளி இரண்டு வந்தது. நாலு நாளில் மறுபடி இறங்கியது, மறுபடி ஏற்றினார். இப்படியே இருபத்திரண்டு நாள். அந்த இருபத்திரண்டு நாளும் வந்து போன ஒவ்வொருவரின் எண்ணும் அண்ணியின் எண்ணோடு சேர்ந்து பொய்யாக ஏறியது. அந்தப் பொய்யை அழகாக அடித்து, உறையில் போட்டு, “எல்லாம் நார்மல்தான், போயிட்டு வாங்க” என்று சிரித்துக் கொடுத்தவள் நான்.

நடுவில் ஒருநாள், “வேணும்னா என் ரத்தத்தைப் போட்டுப் பாக்கலாமா அண்ணி?” என்று கேட்டேன். “உன் ரத்தம் எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கும்டி, மெஷின் வெடிச்சிடும்” என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு மட்டும் நான் பிடிவாதம் பிடித்திருந்தால்! இன்றைக்கு வரைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கண் முன்னால் எல்லாம் இருந்தது. ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிக் கிடந்தது. “தினமும் குத்துற இடம், கன்றாம என்ன செய்யும்?” என்றார். பல் தேய்த்தால் ரத்தம். “பிரஷ் புதுசு” என்றார். மாடியில் இருக்கும் லேபுக்குப் பதினாலு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். “வயசாகுது அண்ணி, ஒத்துக்கோங்க” என்று கிண்டல் செய்தேன். நாற்பத்து மூன்று ஒரு வயசா?

இருபத்திரண்டாம் நாள் காலை ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் தம்பி கட்டிடத்துக்குப் பெயிண்ட் அடிப்பவன். காய்ச்சல் என்று முந்தின நாள் எங்களிடம் ரத்தம் கொடுத்திருந்தான். பிளேட்லெட் ஒரு லட்சத்து ஐயாயிரம் என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தேன். அன்றைக்குச் சாயந்திரமே ஆஸ்பத்திரியில் எண்ணியபோது அறுபத்திரண்டாயிரம்.

“என் தம்பியைக் கொல்லப் பாத்தீங்களே! லேபா நடத்துறீங்க, இல்ல கிளி ஜோசியம் பாக்குறீங்களா?” என்று மேசையில் ஓங்கி அடித்தாள்.

நான் சும்மா இருப்பேனா? “ஒம்பது வருஷமா நடத்துறோம், வார்த்தையை அளந்து பேசுங்க” என்று பதிலுக்குக் கத்தினேன். அண்ணி உள்ளேயிருந்து வந்து என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அந்தப் பெண்ணிடம், “உக்காருங்க. உங்க தம்பி ரத்தம் இன்னும் ரேக்லதான் இருக்கு. மெஷின் வேண்டாம், நானே கையால எண்ணிப் பாக்குறேன்” என்றார்.

மைக்ரோஸ்கோப்பில் கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து, முக்கால் மணி நேரம் ஒவ்வொன்றாக எண்ணினார். அறுபத்து நாலாயிரம் வந்தது. அந்தப் பெண்ணிடம் நேராகப் போய், “தப்பு எங்களோடதுதான்மா. ஆஸ்பத்திரி சொன்னதுதான் சரி. மன்னிச்சிடுங்க” என்றார். அவள் திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அண்ணி தன் விரலைக் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை. பிறகு, “இங்க வாடி” என்று கூப்பிட்டார்.

எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஊதா நிறத்தில் பெரிய பெரிய வட்டங்கள் தெரிந்தன.

“என்ன அண்ணி இது?”

“இதெல்லாம் வளராத செல்லு. எலும்பு மஜ்ஜைக்குள்ளயே இருக்கணும். வளர்ந்த பிறகுதான் ரத்தத்துக்கு வரணும். இதுங்க இப்பவே தெருவுக்கு வந்து நிக்குது.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் கோணல்.”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. “கேன்சர்டி” என்று அவர் சொன்ன பிறகுதான் அண்ணனுக்கு ஃபோன் போட ஓடினேன்.

மத்தியானம் என் அண்ணன் பஸ் டூட்டியைப் பாதியில் விட்டு ஓடி வந்தான். மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தப் புற்றுநோய், வேகமாக வளரும் வகை, இன்றைக்கே சேர்ந்தாக வேண்டும் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூணையும் செய்யிற இடம் மஜ்ஜைதான். மூணும் சேர்ந்து இறங்கினா முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். லேப்ல இருக்கிற உங்களுக்கே தெரியலயா?” என்று கேட்டார்.

“வேற யார் ரத்தமா இருந்தாலும் பாத்த உடனே சொல்லியிருப்பேன் டாக்டர்” என்றார் அண்ணி.

அண்ணன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதான். “அறுபது பேரை ஏத்திக்கிட்டு ஸ்டீயரிங் பிடிக்கிற ஆளு, நீங்களே இப்படி நின்னா நான் யாரைப் பிடிச்சுக்கிறது? மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க” என்று அவனை அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“இந்த இருபத்திரண்டு நாள்ல எத்தனை பேருக்கு ரிப்போர்ட் கொடுத்திருக்கே?”

“அண்ணி, இப்ப அதுவா முக்கியம்?”

“எத்தனை பேரு?”

“முன்னூத்து நாப்பது இருக்கும்.”

“எல்லாரையும் திரும்பக் கூப்பிடு. அதுல எவளோ ஒருத்தி, நாம நார்மல்னு சொன்னதை நம்பிக்கிட்டு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருப்பா.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்க உயிரே ஊசலாடுது, ஊர் உயிரைப் பத்திப் பேசுறீங்க! பயமே இல்லையா உங்களுக்கு?”

“பயம் இருக்கு. அது ஒரு ஓரமா உக்காந்திருக்கட்டும். நீ வேலையைப் பாரு.”

மறுநாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். கட்டில் ஓரத்தில் நின்று மெல்லப் பேசினார். “உன் வைத்தியத்துக்கு என்ன வேணுமோ நான் பாத்துக்குறேன்மா. மெஷினைப் பழையபடி மாத்தியாச்சு. இதை இத்தோட விட்டுடலாம். தப்பாச் சொல்லிட்டோம்னு முன்னூத்து நாப்பது பேர்கிட்ட சொன்னா நாளைக்கு யாரு நம்ம வாசல் மிதிப்பாங்க?”

“நாளைக்கு வர்றவங்க இருக்கட்டும் சார். நேத்து வந்தவங்களுக்கு என்ன பதில்?”

“நீ உடம்பைப் பாரும்மா...”

“என் உடம்பைப் பாத்துத்தான் சொல்றேன்.” கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, அந்தக் கையாலேயே விரலை நீட்டினார். “முதல்ல கன்ட்ரோல் குப்பி வாங்குங்க. அப்புறம் எல்லாருக்கும் மறுபடி எடுங்க. நீங்க செய்யலேன்னா இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டே நான் ஒவ்வொருத்தரையா கூப்பிடுவேன். என்னை என்ன செய்வீங்க, வேலையை விட்டுத் தூக்குவீங்களா?”

முதலாளி கிளம்பிப் போனார். போனவர் லேபுக்கு வந்து நோயாளிகள் பதிவேட்டைத் தன் அறையில் வைத்துப் பூட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார், பாவம். ரிப்போர்ட் அடிக்கிறவளிடம் நகல் இருக்காதா? மறுநாள் காலை பத்து மணிக்கு, ரத்தம் எடுக்க ஆளில்லாமல் பெஞ்சு நிறைந்திருந்தபோது, நான் மேசையில் உட்கார்ந்து முதல் எண்ணுக்கு ஃபோன் போட்டேன். என் குரல் எப்படிப்பட்டது என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

“வணக்கம் சார், லேப்ல இருந்து பேசுறேன்! போன வாரம் நாங்க கொடுத்த ரிப்போர்ட் தப்பு! ஆமா சார், தப்புதான்! வந்து மறுபடி ரத்தம் கொடுங்க, காசு வேண்டாம்!”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி அறையிலிருந்து பாய்ந்து வந்தார். “உன்னை இப்பவே வேலையை விட்டுத் தூக்குறேன்!”

“தூக்குங்க. இன்னும் முன்னூத்து முப்பத்தொம்பது பேர் பாக்கி. முடிச்சிட்டு நானே போறேன்.”

பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் எழுந்து, “எனக்கும் பத்து நாள் முன்னாடி எடுத்தீங்களே, அதுவும் தப்பா?” என்றார். முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “உள்ளே வாங்கய்யா, நானே எடுக்குறேன்” என்றார். பதினைந்து வருடம் முன்னால் அவரும் டெக்னீஷியன்தானே. மறுநாள் காலையிலேயே கன்ட்ரோல் குப்பி வந்து இறங்கியது.

நாலு நாளில் முன்னூற்று முப்பத்தொன்பது பேரைப் பிடித்துவிட்டோம். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். இருவர் வழக்குப் போடுவேன் என்றார்கள், போடுங்கள் என்றேன். ஏழு பேருக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டிய அளவுக்கு எண் மாறியிருந்தது. ஒருத்தி மட்டும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்பது என்று கொடுத்திருந்தோம், ஏற்றி வைத்த கணக்கைக் கழித்தால் உண்மை ஏழு சொச்சம். பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் தாங்க மாட்டாள். அவள் ஃபோன் எண்ணில் ஓர் இலக்கத்தை நான் எழுதாமல் விட்டிருந்தேன். நானேதான். முகவரியும் வாங்கவில்லை.

அண்ணிக்கு மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. வாய் முழுக்கப் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை. நான் உள்ளே போனதும் கேட்டது ஒரே கேள்வி.

“அவ கிடைச்சாளா?”

“இல்ல அண்ணி. முகம்கூட எனக்கு நினைவில்ல.”

கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். “வலது கையில நரம்பு கிடைக்கல” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் வலித்தது, முகத்தில் தெரிந்தது. “இடது கையில எடுத்தேன். முழங்கைக்குக் கீழே முக்கோணமா ஒரு சூட்டுத் தழும்பு. இஸ்திரிப் பெட்டி முனை. ஒண்ணு இல்ல, மூணு நாலு. வீட்டுல இஸ்திரி போடுறவளுக்கு அத்தனை இருக்காது. லாண்டரியில நிக்கிறவ.”

நான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரியாத தெரு உண்டா? ஒவ்வொரு லாண்டரியாக ஏறி இறங்கினோம். “நிறைமாசமா ஒரு பொண்ணு, இடது கையில சூட்டுத் தழும்பு” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. பதினோராவது கடையில் ஒரு பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஹோட்டல் விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைத்தான் பார்த்தேன்.

“என்னக்கா, என் ரிப்போர்ட்ல ஏதாவது?” என்றாள்.

எப்போதும் கத்துகிற நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று சாயந்திரமே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஆறாம் நாள் பிரசவம். பிள்ளை பெரிது, ரத்தமும் நிறையப் போனது. ஆனால் தாங்கிக்கொண்டாள்.

செய்தியைச் சொன்னபோது அண்ணியால் சிரிக்க முடியவில்லை, வாய் அப்படி வெந்திருந்தது. கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். அந்த வாரம் அவருக்கும் ரத்தம் தேவைப்பட்டது, நான் போய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பேச்சு வந்ததும் முதல் வார்த்தை, “காலையில நர்ஸைத் திட்டித் தீத்துட்டேன்டி. எல்லாம் உன் ரத்தம் செய்யிற வேலை.”

அந்த ஒரு மாதம் பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு தடவை காய்ச்சலில் டாக்டரே கை விரித்த மாதிரிதான் பேசினார். அண்ணி கை விரிக்கவில்லை, அவ்வளவுதான் சொல்வேன். மூன்றாம் மாதம், மஜ்ஜையில் இப்போதைக்குக் கெட்ட செல் தெரியவில்லை என்றார்கள். இன்னும் மருந்து பாக்கி, திரும்பி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

அடுத்த சுற்று மருந்துக்கு முன்னால் ரத்தம் எண்ண வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே எண்ணலாம். அண்ணி கேட்கவில்லை. மொட்டைத் தலையில் துணி கட்டி, முகக்கவசத்தோடு எங்கள் லேபுக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“டோக்கன் கொடு.”

“உங்களுக்கு எதுக்கு அண்ணி டோக்கன்? உள்ளே போங்க.”

“எனக்கு முன்னாடி நாலு பேர் உக்காந்திருக்காங்கல்ல? கொடு.”

ஐந்தாவதாக உட்கார்ந்து, ஐந்தாவதாகப் போனார். முதலாளியே ரத்தம் எடுத்தார். மெஷின் உறிஞ்சிச் சொன்னது: ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி நாலு, வெள்ளை அணு இரண்டாயிரத்து எழுநூறு, பிளேட்லெட் எண்பத்தெட்டாயிரம்.

முதலாளி மெஷினைப் பார்த்தார். முதல் சந்தேகம் மெஷின்மேல்தானே, கை அதன் பொத்தான் பக்கம் போனது.

“சார், கையை எடுங்க” என்றார் அண்ணி. “காலையில குப்பி போட்டீங்களா? சரியா வந்துச்சா? அப்ப இதுதான் என் நம்பர்.”

நான் ரிப்போர்ட் அடிக்க உட்கார்ந்தேன். மூன்று எண்ணுக்கும் பக்கத்தில் ‘குறைவு’ என்று போட வேண்டும். விரல் வரவில்லை. அண்ணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அடிடி. மூணு தடவையும் அடி. பொய்யா நார்மலா இருந்துதான் பாத்தாச்சே. இங்கேருந்து நான் ஏறிக்கிறேன்.”

அடித்தேன். குறைவு, குறைவு, குறைவு. அண்ணி தாளை வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்தார். மெஷின் மூடிமேல் ஒன்பது வருடமாக ஒட்டியிருந்த தன் பழைய எண்களை நகத்தால் கீறிக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

“அடுத்த ஆளைக் கூப்பிடு, பாவம், காத்துக்கிட்டு இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பதினாலு படி. நான் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே எண்ணினேன். ஒரு தடவைதான் நின்றார்.